ஹெட் கேஸ்கெட் மேல் விழுந்த பழி: 1998 மாருதி 800 ஒன்றின் கசிவு ஆய்வு

பொங்கல் விடுமுறை முடிந்து, கடலூர் செம்மண்டலத்தில் உள்ள என் பட்டறையைத் திறந்த முதல் நாள் காலையில் வந்த வண்டி இது. வெள்ளை நிற மாருதி 800, கார்புரேட்டர் மாடல், 1998-இல் வாங்கியது. ஓட்டி வந்தவர் புதுப்பாளையத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. வண்டியை வாங்கிய அவர் கணவர் இப்போது இல்லை. மாதம் இரண்டு முறை பரிசோதனைக்காகப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை, எப்போதாவது வில்லியனூரில் மகள் வீடு, மற்ற நாளில் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட். டீச்சருக்கு இந்த வண்டியின் வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த ஜிப்மர் பயணத்துக்கு வண்டி நம்பிக்கையாக ஓடியே ஆக வேண்டும்.

"தம்பி, மறுபடியும் இஞ்சினைப் பிரிக்கணும்னு சொன்னீங்கன்னா வண்டியைக் குடுத்துடறேன். என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

அவர் சொன்ன கதை இது. புரட்டாசி வாக்கில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் அரை நிமிடம் மிஸ்ஸிங் (இஞ்சின் சீராக ஓடாமல் தடுமாறுவது), பின்னால் வெள்ளைப் புகை. வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். ஹெட் கேஸ்கெட் (இஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் அடியில் உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் பேக்கிங்) போய்விட்டது என்று சொல்லி, ஹெட்டைக் கழற்றி, புது கேஸ்கெட் போட்டு, 9,400 ரூபாய் பில். இரண்டு வாரம் நன்றாக ஓடியதாக நினைத்திருக்கிறார். அப்புறம் பழையபடி தண்ணீர் குறைந்தது. திரும்பப் போனபோது, "ஹெட்டிலேயே விரிசல் இருக்கும், ஹெட்டை மாற்றணும். அடியில் ஆயிலும் ஒழுகுது, கியர்பாக்ஸ் இறக்கிப் பின் சீலும் போடணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். பின் சீல் என்பது இஞ்சினின் கிராங்க் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்.

பழைய வண்டியில் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கெட், ஆயில் ஒழுகினால் பின் சீல் என்று பார்த்தவுடன் தீர்ப்பு சொல்லும் பழக்கம் நம் தொழிலில் வேரூன்றிவிட்டது. இரண்டும் உண்மையாக இருக்கும் வண்டிகள் உண்டு. ஆனால் சோதித்துப் பார்க்காமல் சொன்னால், அந்தத் தவறுக்கான பணம் வண்டிக்காரர் பையிலிருந்து போகிறது. இந்த வண்டியில் இரண்டுமே தவறு. என்னென்ன சோதனை செய்தேன், எதிலிருந்து எதைத் தெரிந்துகொண்டேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

டீச்சரின் நோட்டு

கருவி எதையும் கையில் எடுக்கும் முன்பே எனக்குக் கிடைத்த முக்கியமான தகவல் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தது. தேதி, எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர், மறுநாள் காலை எவ்வளவு தண்ணீர் ஊற்றியது என்று பன்னிரண்டு நாளுக்குக் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். ஊற்றிய தண்ணீரை அரை லிட்டர் பாட்டிலில் அளந்திருக்கிறார்.

ஜிப்மருக்குப் போய் வந்தால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அந்த நாட்களில் குறைந்தது 150 மில்லி. மார்க்கெட்டுக்குப் போன நாளில் ஓடியது எட்டே கிலோமீட்டர், குறைந்ததோ 200 முதல் 250 மில்லி. வண்டியை எடுக்காத நாளில் ஒரு சொட்டும் குறையவில்லை.

இதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஹெட் கேஸ்கெட் விட்டிருந்தால் பெரும்பாலும் இஞ்சினுக்குப் பாரம் ஏறும்போதுதான் தொல்லை அதிகமாகும். நீண்ட ஓட்டம், மேம்பாலம் ஏற்றம், முழு ஆக்சிலேட்டர் என்று வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் தள்ளப்படும், ரேடியேட்டர் கொதிக்கும். இங்கே நேர்மாறாக, கூட்டத்தில் நின்று நின்று ஐடிலிங்கில் ஓடிய நாளில்தான் அதிகம் குறைகிறது. வெப்பமானி முள் ஒரு நாளும் பாதியைத் தாண்டவில்லை என்றும் சொன்னார்.

இன்னொன்றும் நோட்டின் ஓரத்தில் இருந்தது: "7-ஆம் தேதி காலை செல்ஃப் அடித்ததும் டக்கென்று நின்றது. இரண்டாம் முறை ஸ்டார்ட் ஆனது." இதைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. செல்ஃபின் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் மூன்று பிளக்கையும் கழற்றாமல் யாரும் சாவியைத் திருகக் கூடாது என்று பட்டறைப் பையனிடம் சொல்லிவைத்தேன். பிளக்கைக் கழற்றியதும் முதல் வேலையாக, ஒரு பித்தளைக் கம்பியைப் பிளக் துளை வழியாக விட்டு, மூன்று பிஸ்டனும் மேலே வரும் உயரத்தை ஒப்பிட்டேன். மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. ராடு தப்பித்திருந்தது.

ஆயில் எங்கிருந்து வருகிறது

தண்ணீர்ப் பிரச்சினைக்கு நேரம் வேண்டும் என்று தெரிந்ததால் ஆயில் கசிவை முதலில் எடுத்துக்கொண்டேன்.

வண்டியை நிறுத்தி வைத்தால் சொட்டு விழும் இடம் இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இணைப்புக்கு நேர் கீழே. பின் சீல் என்று சொன்னவரை இந்த விஷயத்தில் முழுக்கக் குறை சொல்ல முடியாது, பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆயில் எங்கே கசிந்தாலும் கீழ்நோக்கி ஓடி, தாழ்ந்த விளிம்பில் போய்ச் சேர்ந்து அங்கே சொட்டும். ஓடும்போது காற்று அதைப் பின்னாலும் தள்ளும். சொட்டு விழுகிற இடத்துக்கு மேலே இருக்கும் எல்லா இணைப்பும் சந்தேகத்துக்குரியவைதான். இந்த இஞ்சினில் அந்த வரிசையில் ஹெட்டை மேலே மூடும் டேப்பட் கவர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் உட்காரும் கேஸ், ஹெட்டின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்ப், ஆயில் பிரஷர் சுவிட்ச் எல்லாம் வரும். பின் சீலும், இஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரின் பேக்கிங்கும் கடைசியில்தான்.

பல வருட அழுக்கு அப்பிக் கிடக்கும் இஞ்சினில் எதுவும் தெரியாது. டிஸ்ட்ரிப்யூட்டரைப் பாலித்தீன் கவரால் கட்டி மூடிவிட்டு, மண்ணெண்ணெய் பிரஷ் போட்டுக் கழுவி, தண்ணீரைக் கொஞ்சமாகப் பீச்சி, கம்ப்ரஸர் காற்றால் உலர்த்தினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு குழந்தைகளுக்குப் போடும் பவுடரை ஹெட்டின் பின்பக்கம் முழுக்க லேசாகத் தூவினேன். கோலமாவு கரகரப்பாக இருக்கும், பெல்ட், பேரிங் பக்கம் போனால் கெடுதல். பவுடர்தான் சரி.

ஆல்பேட்டைப் பாலம் தாண்டி, முள்ளோடை வழியாகக் கன்னியக்கோயில் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால் வெள்ளைப் பரப்பில் இரண்டு தடம். ஒன்று டேப்பட் கவரின் பின் மூலையிலிருந்து கிளம்பி, கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியதுபோல நேராகக் கீழே போனது. இன்னொன்று டிஸ்ட்ரிப்யூட்டர் கேஸின் அடி விளிம்பில், ஒரு விரல் அகலத்துக்குப் பவுடரை நனைத்திருந்தது. இரண்டும் கியர்பாக்ஸ் இணைப்பில் போய்ச் சேர்ந்தன. மற்ற இடமெல்லாம் பவுடர் உலர்ந்தே இருந்தது. சேம்பர் பேக்கிங்கில் மட்டும் ஒரு பக்கம் லேசான ஈரக் கசிவு, அதுவும் சொட்டாகவில்லை.

கவரைக் கழற்றும் முன் பிரீதரை, அதாவது இஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழியை, பார்ப்பது என் வழக்கம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாழைப்பழம் கட்டிக் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையை வாயில் வைத்து, இஞ்சினை ஐடிலிங்கில் விட்டேன். பிரீதர் நன்றாக இருந்தால் பை லேசாக உள்ளே இழுபடும் அல்லது தளர்ந்து படபடக்கும். இங்கே பலூன் மாதிரி உப்பியது. பிரீதர் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இறுகிய வெல்லப்பாகு போலக் கறுப்பாக அடைத்திருந்தது. இஞ்சினுக்குள் சேரும் காற்றுக்கு வெளியே போக வழியில்லை. அது ஆயிலைத் தள்ளிக்கொண்டு பலவீனமான பேக்கிங் எதுவோ அதன் வழியாக வெளியே வரும். இதைச் சரி செய்யாமல் எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் மூன்று மாதத்தில் திரும்ப ஒழுகும்.

கவரைக் கழற்றியதும் மனசு சங்கடப்பட்டது. பேக்கிங்கின் இரண்டு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட்டை விரல் தடிமனுக்கு அப்பியிருந்தார்கள். வெளியே பிதுங்கியது நம் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியது அங்கேயே தொங்கும், பிறகு ஆயிலோடு அறுந்து கீழே போய் சேம்பருக்குள் இருக்கும் ஆயில் வடிகட்டி வலையான ஸ்டிரெய்னரை அடைக்கும். அப்படி அடைத்தால் ஆயில் பிரஷர் போய்விடும், இஞ்சினே போய்விடும். கவரின் உள் விளிம்பில் ஒரு துண்டு பல்லி வால் மாதிரி பாதி அறுந்து ஆடிக்கொண்டிருந்தது. மற்ற பாதி எங்கே என்ற கேள்வி வந்துவிட்டால் சேம்பரைப் பார்க்காமல் இருக்க முடியாது. சைலன்சர் முன் பைப்பை அவிழ்த்து சேம்பரை இறக்கினோம். ஸ்டிரெய்னர் வலையில் மூன்று துண்டு ஒட்டியிருந்தது. சேம்பர் பேக்கிங்கையும் அதோடு புதிதாக்கினோம்.

டேப்பட் கவரை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து அடியில் ஃபில்லர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன். அதிகமாக முறுக்கியதில் ஒரு மூலை தூக்கியிருந்தது. தட்டி நேராக்கி, பேஸ்ட் இல்லாமல் புது ரப்பர் பேக்கிங், மேல் நட்டுகளுக்குப் புது ரப்பர் வாஷர், டிஸ்ட்ரிப்யூட்டர் கேஸுக்குப் புது ஓ-ரிங், புது பிரீதர் ஹோஸ் போட்டோம். டிஸ்ட்ரிப்யூட்டரை எடுக்கும் முன் ரோட்டர் நிற்கும் திசையையும் கேஸையும் கீறி அடையாளம் வைத்துக்கொண்டால் திரும்பப் போடும்போது டைமிங் தேடி அலைய வேண்டாம். பின் சீலைத் தொடவே இல்லை.

மூடிக்கு அடியில் மோர்

ஆயில் மூடியின் அடியில் வெளுத்த மோர் போன்ற படலம் இருந்தது. முந்தைய பட்டறையில் ஹெட் கேஸ்கெட் என்று முடிவு செய்ததற்கு இதுவும் ஒரு காரணமாம்.

இந்தப் படலத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. இஞ்சின் முழுச் சூடு ஏறாமல் தினமும் சில கிலோமீட்டர் மட்டும் ஓடினால், உள்ளே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்த மூடியில் வியர்த்து, ஆயிலோடு கலந்து இப்படித்தான் ஆகும். நம் கடலோரத்தில் மார்கழிக் காலையில் கேட்கவே வேண்டாம். டிப் ஸ்டிக்கில் வந்த ஆயில் கறுப்பாக, மோர் கலப்பில்லாமல் இருந்தது. இருந்தாலும் சந்தேகம் வேண்டாம் என்று சேம்பர் அடியிலிருந்து கொஞ்சம் ஆயிலைப் பிடித்து, பட்டறையில் இதற்காகவே வைத்திருக்கும் பழைய தோசைக்கல்லைச் சூடாக்கி ஒரு சொட்டு விட்டேன். ஆயிலில் தண்ணீர் இருந்தால் கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று வெடிக்கும். சத்தமே இல்லாமல் பரவிப் புகைந்தது. ஆயிலில் தண்ணீர் இல்லை.

தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) மூடியைத் திறந்தபோது படலத்துக்கான காரணமும் கிடைத்தது. உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றிப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கழற்றினால் இஞ்சின் சூடு ஏறவே நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஈரம் ஆவியாகிப் போகாது. வெயில் ஊரானாலும் தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும்.

தண்ணீர் எங்கே போகிறது

இனி முக்கியமான பகுதி. வெளியே ஒழுகவில்லை. ஆயிலில் இல்லை. வெள்ளைப் புகை வருகிறது. ஆக, தண்ணீர் எரியறைக்குள் போய்ப் புகையாக வெளியேறுகிறது என்பதில் சந்தேகமில்லை. பிளக்குகளும் அதைத்தான் சொல்லின. ஒன்றும் மூன்றும் பழுப்பு நிறம், இரண்டாவது மட்டும் கழுவித் துடைத்ததுபோல வெளுத்திருந்தது. செல்போனில் மாட்டும் சின்னக் கேமராவைப் பிளக் துளை வழியாக விட்டுப் பார்த்தால், இரண்டாவது பிஸ்டன் தலையில் கரி உரிந்து அலுமினியம் மின்னியது.

இரண்டாவது சிலிண்டருக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் கேள்வி. ஹெட் கேஸ்கெட்டா, ஹெட்டில் விரிசலா, வேறு வழி உண்டா?

ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ, அதாவது சுமார் 13 பி.எஸ்.ஐ. கைப்பம்பை மாட்டி அதே அளவு ஏற்றினேன். அரை மணி நேரத்தில் 10-க்கு இறங்கியது. வெளியே எங்கும் ஈரம் இல்லை.

அடுத்து, நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் குழாயை வைத்து, மேலே வரும் காற்றைத் திரவத்தின் வழியாக இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும் பட்சத்தில் நீலம் மஞ்சளாகும். ஐடிலிங்கில் ஒரு முறை, ரோட்டில் நன்றாக ஓட்டிச் சூடேற்றி வந்து ஒரு முறை செய்தேன். இரண்டு முறையும் நீலம் நீலமாகவே இருந்தது. குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைக் கையில் பிடித்துப் பார்த்தேன். ஹெட் கேஸ்கெட் விட்ட வண்டியில் சூடு ஏறும் முன்பே ஹோஸ் கல் மாதிரி இறுகிவிடும். இது ஐந்து நிமிடம் கழித்தும் மெத்தென்று இருந்தது.

கம்ப்ரஷன், சூடான இஞ்சினில், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து: 165, 160, 165 பி.எஸ்.ஐ. பழைய இஞ்சினுக்கு இது நல்ல கணக்கு. அதைவிட முக்கியம் மூன்றும் நெருக்கமாக இருப்பது. பிறகு இரண்டாவது பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்று கொடுத்தேன். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். ஆயில் மூடியில் மட்டும் மெல்லிய சத்தம், வயதான ரிங்குக்கு அது இயல்புதான். ரேடியேட்டரில் தண்ணீர் அசையவே இல்லை. சில விரிசல் சூட்டில் மட்டும் திறக்கும் என்பதால் சூடான இஞ்சினிலும் திரும்பச் செய்தேன். அதே முடிவுதான்.

சிலிண்டரிலிருந்து தண்ணீர்ப் பக்கம் 100 பி.எஸ்.ஐ. காற்று போக மாட்டேன் என்கிறது. ஆனால் தண்ணீர் பக்கத்திலிருந்து 13 பி.எஸ்.ஐ.-யில் தண்ணீர் சிலிண்டருக்குள் வருகிறது. ஹெட் கேஸ்கெட்டில் ஓட்டை இருந்தால் இப்படி ஒரு வழியாக மட்டும் போகாது. நடுவில் ஏதோ ஒரு கதவு இருக்கிறது. வால்வைத் தவிர அங்கே வேறு கதவு கிடையாது.

அன்று இரவு வீட்டில் டீச்சரின் நோட்டைத் திரும்பப் புரட்டினேன். ஐடிலிங்கில் அதிகம் குறைகிறது. ஐடிலிங்கில் எந்த இடத்தில் உறிஞ்சல் அதிகம்? கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுப்பான இன்டேக் மேனிஃபோல்டில்தான். ஆக்சிலேட்டரை மிதித்து ஓட்டும்போது அந்த உறிஞ்சல் குறைந்துவிடும். இந்த வண்டியின் மேனிஃபோல்டுக்குள் கார்புரேட்டருக்குச் சூடு கொடுக்கத் தண்ணீர் ஓடுகிறது. காற்று போகும் வழியும் தண்ணீர் போகும் வழியும் ஒரே பேக்கிங்கில் பக்கத்துப் பக்கத்துத் துளைகள். அந்த இரண்டுக்கும் நடுவே பேக்கிங் அரித்துப்போனால், ஓடும்போது தண்ணீர் உறிஞ்சப்பட்டுப் புகையாகும். வண்டியை நிறுத்திய பிறகு, சூட்டு அழுத்தத்தில் கசிந்து இன்லெட் வால்வின் பின்னால் தேங்கும், அல்லது வால்வு திறந்த நிலையில் இஞ்சின் நின்றிருந்தால் பிஸ்டன் மேலேயே தேங்கும். காலை மிஸ்ஸிங், ஒரு நாள் செல்ஃப் நின்றது, எல்லாம் இதில் பொருந்துகிறது.

பொருந்துகிறது என்பதற்காகக் கழற்றிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முந்தைய பட்டறையில் ஹெட்டைக் கழற்றியபோதும் எல்லாம் பொருந்தித்தான் இருந்திருக்கும்.

மறுநாள் செய்த சோதனை மிக எளிமையானது. இரண்டாவது பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சத்தில், அதாவது இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தினேன். கேமராவில் பார்த்து பிஸ்டன் தலை உலர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டேன். ரேடியேட்டரில் 13 பி.எஸ்.ஐ. ஏற்றி, முள் இறங்க இறங்க அரை மணிக்கொரு தரம் பம்ப் செய்து, மதியம் தொடங்கி இரவு பட்டறை மூடும் வரை வைத்திருந்தோம். ஹெட் கேஸ்கெட்டோ ஹெட் விரிசலோ என்றால் வால்வு மூடியிருந்தாலும் தண்ணீர் பிஸ்டன் மேல் வந்தே தீர வேண்டும்.

காலையில் கேமராவை விட்டேன். பிஸ்டன் தலை காய்ந்து கிடந்தது.

கார்புரேட்டரைக் கழற்றி, மேனிஃபோல்ட் வாய் வழியாக இரண்டாவது குழாய்க்குள் கேமராவை இறக்கினேன். வால்வின் முதுகுப் பக்கம் துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர் குளமாக நின்றது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு கேமராவைப் பிளக் துளைக்கு மாற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டு மெதுவாகச் சுற்றச் சொன்னேன். இன்லெட் வால்வு திறந்த நொடியில் அந்தத் தண்ணீர் சளக்கென்று பிஸ்டன் மேல் கொட்டியதைத் திரையில் இருவரும் பார்த்தோம்.

"அண்ணே, அப்போ ஹெட்டு நல்லா இருக்கா?" என்றான். ஆமாம், ஹெட்டும் அதன் கேஸ்கெட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.

கழற்றியபோது

மேனிஃபோல்ட் நட்டுகளை அவிழ்க்கும் முன் ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். நான்கு மாதத்துக்கு முன் ஹெட் வேலை நடந்த வண்டி. மற்ற போல்ட் தலைகளில் எல்லாம் ஸ்பானர் பட்ட பளபளப்பு இருந்தது. மேனிஃபோல்ட் நட்டுகளில் மட்டும் பழைய துரு கலையாமல் இருந்தது. ஹெட்டைக் கழற்றும்போது மேனிஃபோல்டையும் கார்புரேட்டரையும் பிரிக்காமல் ஹெட்டோடு சேர்த்தே தூக்கி இறக்கியிருக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பதால் பலர் செய்வதுதான். அதனால் இந்தப் பேக்கிங்கை யாரும் தொடவே இல்லை.

டீச்சரிடம் போனில் கேட்டேன்: "டீச்சர், போன தடவை வேலை முடிச்சப்ப மீந்த பேக்கிங் எதுவும் குடுத்தாங்களா?" அவர் எதையும் தூக்கிப் போடாதவர். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு பாலித்தீன் கவர் இருக்கும், பாருங்கள் என்றார். டாப் செட்டில் (ஹெட் வேலைக்கான பேக்கிங்குகள் ஒன்றாக வரும் பொட்டலம்) வந்து பயன்படாமல் மீந்த ரப்பரும் வாஷரும், அவற்றுக்கு நடுவே மடங்காத புது இன்டேக் மேனிஃபோல்ட் பேக்கிங்கும் அதில் இருந்தன. அதற்கான பணத்தை அவர் அப்போதே கொடுத்துவிட்டிருந்தார்.

பழைய பேக்கிங்கில் தண்ணீர்த் துளைக்கும் இரண்டாவது காற்றுத் துளைக்கும் நடுவே இருந்த பாலம் ஒரு ஈர்க்குச்சி அகலத்துக்கு அரித்துப்போய், துரு நிறத்தில் ஒரு கோடு ஓடியது. அதற்கு நேர் எதிரே மேனிஃபோல்டின் அலுமினியப் பரப்பில் கரையான் அரித்த பலகை போலக் குழிகள். நேர்ப்பட்டையை வைத்து ஃபில்லர் கேஜ் விட்டால் அந்த இடத்தில் 0.15 மில்லிமீட்டர் போனது. மேனிஃபோல்ட் பரப்புக்கு நான் விடும் வரம்பு 0.1. ஹெட்டின் பக்கத்தில் 0.05-க்கும் உள்ளேதான் இருந்தது.

இந்த அரிப்பு ஏன் வந்தது என்று பார்த்தால் அது ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீரில் போய் முடிகிறது. டீச்சர் வீட்டில் போர் தண்ணீர். கடலோரம் என்பதால் உப்பு. கூலன்ட் ஊற்றாமல் வருடக்கணக்காக அந்தத் தண்ணீர்தான் ஓடியிருக்கிறது. இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் மேனிஃபோல்டும் ஒரே உப்புத் தண்ணீரில் நனைந்திருந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். கடலூர், பாண்டி வண்டிகளில் இந்த அரிப்பை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கேன் தண்ணீர் ஊற்றினால் போதுமா என்று கேட்பார்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் கலந்து ஊற்றுங்கள் என்பதுதான் என் பதில். வருடத்துக்கு ஆகும் செலவு ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டுச் செலவுதான்.

குழிகளை ஆர்கான் வெல்டிங் வைத்து நிரப்பி, லேத் பட்டறையில் பரப்பை ஃபேசிங் செய்து வாங்கினோம். தண்ணீர் வழிகளைக் கழுவியபோது முதல் இரண்டு வாளி செம்மண் கரைசல் மாதிரி வந்தது. டிக்கியில் இருந்த அதே புதுப் பேக்கிங்கைப் போட்டேன். பேஸ்ட் எதுவும் தடவவில்லை. நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சில் சுமார் 2 கிலோகிராம்-மீட்டருக்கு முறுக்கி, ஒரு முறை சூடாகிக் குளிர்ந்த பிறகு மறுபடி சரிபார்த்தேன். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஆயில், ஃபில்டர் எல்லாம் புதிது. மறுபடி 13 பி.எஸ்.ஐ. ஏற்றி ஒரு மணி நேரம் வைத்தேன். முள் இறங்கவில்லை.

எல்லாம் சேர்த்து 5,850 ரூபாய் வந்தது. கியர்பாக்ஸ் இறக்கவில்லை, ஹெட்டைத் தொடவில்லை.

முந்தைய பட்டறைக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சண்டைக்காக இல்லை. நாளைக்கு அவரிடம் இதே மாதிரி இன்னொரு வண்டி போகும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வால்வு மூடியிருக்கும்போது பிரஷர் ஏத்தினீங்களா? எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். விவரமாகச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து

சித்திரை வெயிலில் டீச்சர் வண்டியைப் பார்வைக்குக் கொண்டுவந்தார். ஓடியது 1,400 கிலோமீட்டர். காலையில் மிஸ்ஸிங் இல்லை. வெப்பமானி முள் இப்போது சீக்கிரம் நடுவுக்கு வந்து அங்கேயே நிற்கிறது. ஆயில் மூடியின் அடியில் மோர்ப் படலம் இல்லை. ஆயில் அளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையவில்லை.

பவுடர் போட்டு இன்னொரு முறை பார்த்தேன். டேப்பட் கவர் உலர்ந்திருந்தது. டிஸ்ட்ரிப்யூட்டர் கேஸ் உலர்ந்திருந்தது. பெட்ரோல் பம்ப் ஹெட்டோடு சேரும் இடத்தில் மட்டும் புதிதாக ஒரு நகக்கண் அளவுக்கு ஈரம். பிரீதர் அடைப்பில் பல வருடம் அழுத்தம் தாங்கிய பேக்கிங்தான் அதுவும். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது மாற்றிவிடலாம், அதுவரை வாரம் ஒரு முறை டிப் ஸ்டிக்கைப் பாருங்கள் என்று சொன்னேன். டீச்சர் உடனே நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். தண்ணீர் ஊற்றியதைக் குறிக்கும் பத்தியில் தை மாதக் கடைசியிலிருந்து வரிசையாகச் சுழியம் போட்டிருந்தது.